படத்தில் இரண்டு வெள்ளைத் திட்டுகள்

என் மூளையை நான் பார்த்திருக்கிறேன். சொல்லும்போது பெருமையடிப்பது போல இருக்கிறது; ஆனாலும் உண்மை. பாக்குவெட்டியால் மெல்லிசாகச் சீவிய கொட்டைப்பாக்கை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் உள்ளே கோடுகளும் வளைவுகளும் ஓடுமே, அப்படித் துண்டு துண்டாக, ஒரு பெரிய கறுப்புப் படத்தில் வரிசை கட்டி நின்றது. ஓரமெல்லாம் சாம்பல். மடிப்புகளுக்கிடையில் கறுப்பு. நட்டநடுவில், நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, இரண்டு வெள்ளைத் திட்டுகள். மழைநாளில் ஆற்றுப்பாலத்தின் மேல் எதிரே வரும் லாரியின் விளக்குகளைப் போல என்னை நோக்கி எரிந்துகொண்டிருந்தன.

அழகாக இருந்தது. அதைச் சொன்னேன். என் மனைவிக்குக் கண்ணீர் வந்துவிட்டது.

"அழகா இருக்காங்க இது? இதுதாங்க உங்கள இப்டி ஆக்கிவச்சிருக்கு."

அந்த இரண்டு விளக்குகளோடு நான் மல்லுக்கு நின்ற கதை இது. விஷயம் ஒன்றே ஒன்றுதான்: ஓடும் பேருந்தில் நான் மறுபடி என் காலில் நின்று வேலை பார்ப்பேனா, மாட்டேனா.

காரைக்கால் பேருந்து நிலையத்திலிருந்து கீழவாஞ்சூர் வரை போய்த் திரும்பும் தனியார் டவுன் பஸ்ஸில் நான் கண்டக்டர். அரசலாற்றுப் பாலம், வயல், பட்டினம், பட்டினச்சேரிக்குப் பிரியும் சாலை, மறுபடி வயல், பிறகு துறைமுகத்து லாரிகள், அவை உதறிவிட்டுப் போகும் நிலக்கரிப் புழுதி, அப்புறம் எல்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாடு. இந்தப் பக்கம் நாங்கள். சரக்கு மலிவான பக்கம். வாஞ்சூரில் வண்டி திரும்பும்போது எப்படியும் ஒருவராவது தள்ளாடிக்கொண்டு ஏறுவார். மாப்பிள்ளை மாதிரி வெள்ளைவேட்டியில் ஏறுவார், வேலைக்குப் போன கைலியோடு ஏறுவார், எந்த ஊர் என்று கேட்டால் நம்மையே எந்த ஊர் என்று கேட்பார்.

அதற்கென்று எங்கள் வண்டியில் ஒரு முறை வைத்திருந்தோம். ஆளிடம் வாக்குவாதம் கூடாது. படிக்கட்டுப் பக்கம் விடக் கூடாது. கடைசி வரிசைக்கு முந்தைய சீட்டில் ஜன்னலோரமாக உட்காரவைத்து, அவர் துண்டாலேயே இடுப்பைச் சுற்றிச் சீட்டுக் கம்பியில் ஒரு முடிச்சு. வளைவில் விழாமல் இருக்க அது. இறங்கும் இடம் தெரிந்தால் எழுப்பி இறக்குவோம். தெரியாவிட்டால் தெளியும் வரை எங்களோடு சுற்றுவார். ஒரே டிக்கெட்டில் இந்தக் கடற்கரையை நாலு முறை பார்த்தவர்கள் உண்டு. ஓட்டுநருக்கும் எனக்கும் இதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது. எங்கள் வண்டியில் குடித்தவன் எவனும் விழுந்ததில்லை.

ஓட்டுநர் என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். வெகுகாலமாக ஒரே வண்டி. அவர் எனக்கு மச்சான், நான் அவருக்கு மாப்பிள்ளை. உறவு ஒன்றும் கிடையாது. கூப்பிட்டுக் கூப்பிட்டு வந்த உறவு.

சம்பா நடவு முடிந்து வயலெங்கும் தண்ணீர் நிறுத்தியிருந்த காலம் அது. வானம் கீழே இறங்கி வந்து சாலைக்கு இரண்டு பக்கமும் படுத்திருக்கும். அதன்மேல் கொக்குகள் ஒற்றைக்காலில். பொழுது சாயும்போது வண்டிக்குள் கொசு வந்து அடையும். எவனும் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. அடித்துவிட்டுக் கையைக் கைலியில் துடைத்துக்கொள்வோம். எனக்கு இரண்டொரு நாளாகக் காய்ச்சல், மண்டையைப் பிளக்கும் வலி. மாத்திரையைப் போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தேன். மழைக்காலக் காய்ச்சலுக்கெல்லாம் எங்கள் தொழிலில் லீவு போடுவதில்லை.

அன்று மதியம் நிறுத்தங்களின் பெயர்கள் இடம் மாறின. எனக்கு ஞாபகமிருப்பது அதுதான். பாலம் வரும் முன்பே வாஞ்சூர் என்று கத்தினேன். பட்டினத்தில் இறங்க வேண்டியவர்களைப் பார்த்துப் பாலம் பாலம் என்றேன். பெயர்கள் எல்லாம் வாய்க்குள்தான் இருந்தன, கலைத்துப்போட்ட சீட்டுக்கட்டு மாதிரி. எடுத்தால் வேறு ஒன்று வந்தது. நாக்கு தடித்துக்கொண்டது. ஒரு காலை எடுத்து வைத்தால் வண்டியின் தரை கொஞ்சம் தள்ளிப் போயிருந்தது. யாரோ சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு வருவது மற்றவர்கள் சொன்னது.

ஓட்டுநர் கண்ணாடியில் என்னைப் பார்த்திருக்கிறார். நான் கம்பியைப் பிடிக்கப்போய்க் காற்றைப் பிடித்திருக்கிறேன். அவருக்கு அது என்னவென்று உடனே புரிந்துவிட்டது. வாழ்நாளெல்லாம் பார்த்த காட்சி. வாடை பார்க்கக்கூடத் தோன்றவில்லை. வாஞ்சூரில் வண்டியை நிறுத்திவிட்டு வந்து என்னைக் கைத்தாங்கலாக அழைத்துப்போய், கடைசி வரிசைக்கு முந்தைய சீட்டில் ஜன்னலோரமாக உட்காரவைத்து, என் கழுத்துத் துண்டை எடுத்து இடுப்பைச் சுற்றிக் கம்பியில் முடிச்சுப் போட்டார். சட்டைப்பையிலிருந்த விசிலை எடுத்துத் தன்னிடம் வைத்துக்கொண்டார். முதலாளி காதுக்குப் போகக் கூடாது என்று, நிலையத்தில் சும்மா நின்ற வேறொரு கண்டக்டரைக் கெஞ்சி ஏற்றிக்கொண்டு வண்டியை ஓட்டினார். பயணிகள் கேட்டபோது, "நம்ம கண்டக்டருதான். என்னமோ மனசுல கஷ்டம். கண்டுக்காதீங்க" என்றாராம்.

என் மேல் உள்ள பிரியத்தில் செய்தது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்தப் பிரியத்தோடு என் மூளை வீங்க வீங்க, நானும் எங்கள் வண்டியில் கடற்கரையைச் சுற்றினேன்.

என் மனைவி பட்டினத்தில் ஒரு மழலையர் பள்ளியில் ஆயாவாக வேலை பார்க்கிறாள். வேலை முடிந்து எங்கள் வண்டியில்தான் வீடு திரும்புவாள். அன்று ஏறினாள். டிக்கெட் கொடுக்க வேறொருவர் வந்தார். தேடினாள். பின்சீட்டில் தலை தொங்க, கம்பியில் கட்டிவைத்த ஆள் நான்.

ஓட்டுநர் சீட்டிலிருந்தே சமாதானம் சொன்னாராம். "தங்கச்சி, கோவிச்சுக்காதம்மா. மொதத் தடவயா போட்டுருக்கான். ஒண்ணும் கேக்காத. நானே கோவில்பத்துல வூட்டு வாசல்ல கொண்டாந்து வுட்டுட்டுப் போறேன்."

"யாரு, இவரா? சரக்கு வாடைக்கே மூக்கப் பொத்திக்கிட்டு நிப்பாரே அண்ணே."

"அவனும் மனுசந்தானம்மா."

அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் தலையைத் தோளில் சாய்க்கப்போனவள், நெற்றியில் கை பட்டதும் எழுந்து நின்றுவிட்டாள்.

"அண்ணே, இவரு குடிக்கல! நெத்தி அடுப்பாக் கொதிக்குது. வண்டிய ஆஸ்பத்திரிக்கு வுடுங்க. ஒருத்தராவது தொட்டுப் பாத்தீங்களா?"

"குடிச்சவன யாரும்மா தொட்டுப் பாக்குறா?" என்றாராம் ஓட்டுநர். சொன்ன வேகத்திலேயே அது தன் காதிலும் விழுந்து, வண்டியை அழுத்தியிருக்கிறார். பாலத்துக்கு முன்னால் எனக்கு வலிப்பு வந்தது. நண்டு விற்கப் போய்க்கொண்டிருந்த பட்டினச்சேரிக்காரி ஒருத்தி கூடையைத் தள்ளிவிட்டு என் தலையை மடியில் தாங்கினாளாம். ஒரு நிறுத்தத்திலும் நிற்கவில்லை. இறங்க வேண்டியவர்கள் ஒருவரும் இறங்கவும் கேட்கவில்லை. ஒரு டவுன் பஸ், அத்தனை பயணிகளோடும், மருத்துவமனை வாசலில் போய் நின்றது.

அன்று முழுக்க என் மனைவி ஒரே வாக்கியத்தைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். ஸ்ட்ரெச்சர் தள்ளியவரிடம், சீட்டு எழுதியவரிடம், பக்கத்துப் படுக்கைக்குத் துணைக்கு வந்தவர்களிடம். இவரு குடிக்கலங்க. இவரு குடிக்கலங்க. எங்கள் ஊரில் தள்ளாடி வருகிறவனுக்கு முதலில் வேண்டியது அந்தச் சாட்சி.

முதலில் எடுத்த சி.டி. ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. ஓட்டுநர் நிம்மதியில் கும்பிட்டாராம். ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை. நானும் கண் திறக்கவில்லை. பக்கத்து மாவட்டத்துப் பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே இருந்த நரம்பியல் மருத்துவர், சின்ன வயதுப் பெண், "சி.டி. நல்லாருக்குன்னா மூளை நல்லாருக்குன்னு அர்த்தமில்லைங்க. மொதல்ல அதுல தெரியாமப் போவும்" என்று சொல்லி எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார். அந்த எம்.ஆர்.ஐ.யில்தான் என் இரண்டு விளக்குகளும் எரிந்தன.

நான் கண் திறந்து, ஆட்களை அடையாளம் தெரிந்து, சாய்ந்து உட்காரத் தொடங்கிய பிறகு ஒரு பகலில் அவர் படத்தோடு வந்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

"என்ன வேலைங்க பாக்குறீங்க?"

நான் சொன்னேன். எனக்கே கேட்கவில்லை. மனைவி சொன்னாள்: "பஸ்ல கண்டக்டருங்க."

"அப்பச் சொல்றது சுலபம். இந்த ரெண்டு எடத்துக்கும் தாலமஸ்னு பேரு. ஒடம்புல எங்கேருந்து என்ன சேதி வந்தாலும், தொடுறது, வலிக்கிறது, பாக்குறது, கேக்குறது, இங்க வந்துதான் வண்டி மாறி மூளைக்குள்ள போவும். வாசனை மட்டும் நேரா போய்ரும். மூளையோட பஸ் ஸ்டாண்டுன்னு வச்சுக்குங்களேன். இந்த மாதிரிப் படத்துல தண்ணி கோத்த எடம் வெள்ளையாத் தெரியும். உங்க பஸ் ஸ்டாண்டுல வெள்ளம் பூந்துருச்சு."

வெள்ளம் புகுந்த பேருந்து நிலையத்தை நான் பார்த்திருக்கிறேன். எந்த வண்டி எங்கே நிற்கிறது என்று தெரியாமல் ஆட்கள் முழங்கால் தண்ணீரில் அங்குமிங்கும் ஓடுவார்கள். ஒவ்வொரு வண்டியாக எட்டிப் பார்த்து, "இது எங்க போவுது?" என்று கேட்பார்கள். அன்று மதியம் என் வாயிலிருந்து வந்த பெயர்கள் அப்படித்தான் ஓடியிருக்கின்றன.

அவர் விரலைப் படத்தின் பக்கவாட்டுக்கு நகர்த்தினார். "இந்தக் காதோரப் பகுதியப் புடிக்கிற வைரஸ் வேற ஒண்ணு இருக்கு. அதுக்கு மருந்து உண்டு. தெரியுற வரைக்கும் எதுக்கும் இருக்கட்டும்னு அந்த ஊசியும் போட்டோம். உங்களுக்கு அந்த எடம் பெருசா அடிபடல. நடுவுல ரெண்டு பக்கமும் இப்டி வெளுத்து, ஆளு வயக்காட்டுப் பக்கத்துலேருந்து வந்தா, நாங்க கொசுவத்தான் மொதல்ல சந்தேகப்படுவோம். படம் மட்டும் போதாதுங்க. முதுகுத்தண்ணிச் சோதனையும் அதையேதான் சொல்லுச்சு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல்."

அன்று பார்க்க வந்திருந்த ஓட்டுநர், இத்தனை நாளில் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"நம்மூர்ல எல்லாரும் துபாய்க்குப் போறான், சிங்கப்பூருக்குப் போறான், பிரான்சுக்குப் போறான். நீ படுக்கையிலேருந்தே ஜப்பான் போய்ட்டு வந்துட்டியே மாப்ள."

நான் சிரித்தேன். உள்ளே சிரித்தேன். முகம் அசையவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். நகைச்சுவை பலிக்கவில்லை என்று நினைத்திருப்பார். பலித்தது மச்சான் என்று சொல்ல எனக்குக் குரல் இல்லை.

மருத்துவர் அதைக் கவனித்தார். படத்தில் இன்னும் கீழே, ஒரு மெல்லிய பட்டையைக் காட்டினார். "இதுக்குப் பேரே கறுப்புன்னுதான் வச்சிருக்காங்க. நடைக்கும் அசைவுக்கும் இது வேணும். உங்களுக்கு இங்கயும் வெளுத்துருக்கு. மொகம் அசையாம இருக்குறது, குரல் எறங்குறது, கால் தரையோட ஒட்டிக்கிறது, கை நடுங்குறது, இதுலேருந்து வர்றது நெறயா."

"சரியாவுமாங்க?" மனைவி கேட்டாள்.

"சிலருக்கு நல்லாவே திரும்புது. சிலருக்குத் திரும்புறதில்ல. வைரஸக் கொல்லுற மருந்து இதுக்குக் கெடையாது. ஒடம்பு தானா மீளணும், நாம கூட நின்னு ஒத்தாசை பண்ணலாம். படத்தப் பாத்துச் சொல்ல முடியும்னா நான் இப்பவே சொல்லிருப்பேன்."

ஓட்டுநர் தயங்கித் தயங்கி, இது வீட்டில் மற்றவர்களுக்குத் தொற்றுமா என்று கேட்டார். தொற்றாது என்றார் மருத்துவர். கொக்கு நாரையிலும் பன்றியிலும் அது பெருகும். கொசு அங்கிருந்து எடுத்துவரும். மனிதனுக்குள் வந்துவிட்டால், அடுத்த கொசு எடுத்துப்போகிற அளவுக்கு அவன் ரத்தத்தில் அது இருக்காது. "மனுசனோட நின்னுரும்" என்றார்.

அந்த ஒரு சொல்லை நான் பிடித்துக்கொண்டேன். வயலில் ஏறி, கொக்கில் மாறி, கொசுவில் தொற்றிக்கொண்டு, இவ்வளவு தூரம் வந்தது என்னிடம் வந்து நின்றுவிட்டது. அதற்கு நான் கடைசி நிறுத்தம். சரி. கடைசி நிறுத்தத்தில் என்ன நடக்கும் என்பது கண்டக்டருக்குத் தெரியும். எல்லோரையும் இறக்கிவிட்டு, வண்டியைத் திருப்பி நிறுத்தி, மறுபடி விசில் ஊத வேண்டும். நான் வண்டியைத் திருப்புவது என்று முடிவு செய்தேன்.

முடிவு செய்வது எளிது. கோவில்பத்துக்கு வந்தபோது, சட்டைப் பித்தானைப் போடுவதற்குள் காலைப்பொழுது போய்விடும். கண்ணாடியில் பார்த்தால் என் முகத்தை யாரோ இஸ்திரி போட்டு மாட்டிவைத்திருந்தார்கள். கோபம் வந்தாலும் அதே முகம், பசி வந்தாலும் அதே முகம். வாசலைத் தாண்டும்போது கால் ஒட்டிக்கொள்ளும். நான் நடக்கச் சொல்வேன், அது கேட்காது. பசையில் நிற்பவன் போல நின்று, பிறகு ஒரேயடியாகப் பிய்த்துக்கொண்டு நாலு எட்டுக் குடுகுடுவென்று ஓடி, சுவரைப் பிடிப்பேன்.

அப்படித்தான் தினமும் தெருவில் நடந்தேன். எங்கள் பகுதி வேலைக்குப் போகிறவர்கள் பகுதி. காலையில் பைக்கும் சைக்கிளுமாகப் பறக்கும். அதன் நடுவே நான், சுவரோரமாக, தள்ளாடி. தெருவுக்குப் புதிதாகக் குடிவந்த ஒரு பெண் குழந்தையை இழுத்துத் தன் பின்னால் மறைத்துக்கொண்டாள். தேநீர்க்கடையில் ஒருவர் சொன்னார்: "காலைலயேவா? வெளங்கிரும்."

பின்னால் வந்த என் மனைவி நின்றாள். "ஆமா, காலைலயேதான். மூணு வேளையும் குடிக்கிறாரு. மாத்திரையும் தண்ணியும். நீங்களும் ஒரு வேளைக்கு வர்றீங்களா?"

அவர் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வழிவிட்டார். எனக்கோ அது வேண்டாம் என்றிருந்தது. அவள் ஆயுளெல்லாம் எனக்குப் பின்னால் வந்து சாட்சி சொல்லிக்கொண்டிருக்க முடியாது. நடை நேரானால் சாட்சி தேவையில்லை. நேராகாவிட்டால், பார்க்கிறவன் பார்க்கட்டும் என்று நடக்க வேண்டும். இரண்டில் ஒன்று. வீட்டுக்குள் உட்காருவது இந்த இரண்டிலும் சேராது.

பிசியோதெரபி சொல்லித்தந்தவர் ஒரு வழி காட்டினார். கால் ஒட்டிக்கொண்டால் வலுவால் இழுக்காதீர்கள், ஏதாவது ஒரு தாளம் போடுங்கள், அந்தத் தாளத்தில் காலை வையுங்கள் என்றார். கைதட்டிப் பார்த்தேன். ஒன்று இரண்டு சொல்லிப் பார்த்தேன். கால் அசையத்தான் அசைந்தது, கடனே என்று. ஒரு நாள் வாசலில் ஒட்டிக்கொண்டு நின்றபோது, எரிச்சலில், வாய்க்கு வந்த வேறொன்றைச் சொன்னேன். பாலம். பட்டினம். சேரி ரோடு. வாஞ்சூர்.

கால் எழுந்தது.

இத்தனை வருடம் ஓடும் வண்டியில் ஒவ்வொரு பெயருக்கும் ஓர் எட்டு வைத்துப் பழகிய கால். அந்தப் பெயர்களின் தாளம் அதற்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருந்தது. அன்று முதல் தெருவில் நிறுத்தங்களைக் கூவிக்கொண்டே நடந்தேன். கூவல் என்பது பெரிய சொல், முணுமுணுப்பு. நாளாக ஆக அதில் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் ஏறியது. குடுகுடு ஓட்டம் குறைந்தது. தெருப்பிள்ளைகள் "வாஞ்சூர் வண்டி வருது, வழி வுடு" என்று கேலி செய்தார்கள். கேலியில் வழி கிடைத்தது. செய்யட்டும்.

ஓட்டுநர் வண்டி ஓடாத நாட்களில் வந்துவிடுவார். என்னைச் செட்டுக்கு அழைத்துப்போய், நிறுத்திவைத்த வண்டிக்குள் ஏற்றி, முன்னும் பின்னும் நடக்கவைப்பார். பிறகு இன்ஜினைப் போட்டு, அதிர்வில் நிற்கவைத்தார். பிறகு செட்டு வளாகத்துக்குள்ளேயே மாட்டுவண்டி வேகத்தில் ஓட்டி நிற்கவைத்தார். பிரேக் போடும் முன் ஒவ்வொரு முறையும் கத்துவார்: "போடப்போறேன் மாப்ள!"

"ரோட்ல போறப்ப சொல்லிட்டா போடுவ? சொல்லாமப் போடு மச்சான்."

"வுழுந்தீன்னா தங்கச்சி என்னைக் கம்பியில கட்டிருவா."

அன்று நடந்ததைப் பற்றி அவர் என்னிடம் பேசியதே இல்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை. என் விசிலை மட்டும் அவர் இன்னும் தன் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். கேட்டேன். "வண்டி ஏறுற அன்னிக்கித் தர்றேன்" என்றார்.

மழைக்காலம் போய், அறுவடை முடிந்து, வெயில் காய்ந்தபோது மறுபடி ஓர் எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள். இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார் மருத்துவர். நடுவிலிருந்த விளக்குகள் மங்கியிருந்தன. முழுக்க அணையவில்லை, வெள்ளம் வடிந்த நிலையத்தில் சுவரில் தங்கும் தண்ணீர்க்கோடு மாதிரி ஒரு தடம். கீழே அந்தக் கறுப்புப் பட்டையில், இடது பக்கம், வெள்ளை இன்னும் மிச்சமிருந்தது.

"இது இனிமே போவாதாங்க?" என்றேன். இந்த முறை என் குரல் அவர் காதுக்கு எட்டியது, அவர் சிரித்தார்.

"தழும்பா நின்னாலும் நிக்கலாம். ஆனா இதே மாதிரிப் படம் உள்ள இன்னொருத்தர் படுக்கையில இருக்காரு, நீங்க நடந்து வந்திருக்கீங்க. படத்துல என்ன மிச்சம்னு நான் சொல்லிட்டேன். உங்கள்ட்ட என்ன மிச்சம்னு நீங்கதான் காட்டணும்."

முதலாளியிடம் போனேன். கடல்வழி வியாபாரம் செய்த குடும்பத்துப் பெரியவர். பாய் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். உட்காரச் சொன்னார். நின்றேன்.

"தம்பி, நீங்க நல்லாருக்கணும்னு நானும் துவா செஞ்சேன். ஆனா ஓடுற வண்டியில வுழுந்தீங்கன்னா உங்க வூட்டுக்கு நாந்தான் பதில் சொல்லணும். ஒரு ட்ரிப் போய்ட்டு வாங்க. கூட்டம் உள்ள ட்ரிப்பா இருக்கட்டும். கம்பியப் புடிச்சுக்குங்க, தப்பில்ல. ஆளப் புடிக்கக் கூடாது. புடிச்சீங்கன்னா, செட்டுல ஒக்காந்து பாக்குற வேல எதாச்சும் தர்றேன்."

நியாயமான பேச்சு. ஒத்துக்கொண்டேன்.

அவர் சொன்னபடி காலை நெரிசல் வண்டி. நிலையத்தில் ஓட்டுநர் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து வேட்டித் தலைப்பில் துடைத்துக் கொடுத்தார். வாயில் வைத்தேன். உதடு இறுக்கிப் பிடிக்க மறுத்தது. காற்று ஓரமாக ஓடியது. இரண்டாம் முறை பிடித்தது. இரண்டு விசில். வண்டி நகர்ந்தது, நான் நகரவில்லை. கால் ஒட்டிக்கொண்டது.

பாலம், என்றேன். ஓர் எட்டு. பட்டினம். இன்னோர் எட்டு. டிக்கெட், டிக்கெட். ஒரு கை கம்பியில். விரல் நடுங்கியது, டிக்கெட்டைக் கிழிக்கும்போது அந்த நடுக்கமே கிழித்துக் கொடுத்தது. பாலத்து மேட்டில் ஓட்டுநர், சத்தியமாகச் சொல்லாமல், பிரேக் போட்டார். முன்னால் போனேன். இரண்டு கையாலும் கம்பியை அணைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்திலிருந்தவர் தாங்கக் கை நீட்டினார்.

"வேணாங்க. தொட்டா வேல போயிரும்."

அவர் ஒன்றும் புரியாமல் கையை இழுத்துக்கொண்டார்.

பட்டினச்சேரிச் சாலையில் மீன்கூடைக்காரிகள் ஏறினார்கள். அவர்களில் ஒருத்தி என்னை உற்றுப் பார்த்தாள். வலிப்பு வந்த அன்று என் தலையை மடியில் தாங்கியவள். எனக்கு அவளைத் தெரியவில்லை; அவள்தான் சொன்னாள். "எந்திரிச்சு வந்துட்டியாய்யா? அன்னிக்கி உன்னால ஒரு கூடை நண்டு ஓடிப்போச்சு. சீட்டுக்கு அடியில இன்னும் ஒண்ணு ரெண்டு குடும்பம் நடத்துதா பாரு." வண்டியே சிரித்தது. என் முகத்தில் ஏதோ ஓர் ஓரம் அசைந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

வாஞ்சூரில் வண்டியைத் திருப்பினோம். காலை நேரம்தான், ஆனாலும் ஒருவன் ஏறினான். இளவயது, சட்டை பித்தான் மாறிப் போட்டிருந்தது, கால் பின்னியது. வண்டி கிளம்பியதும் நான் பிடித்திருந்த அதே கம்பியை அவனும் பிடித்தான். வளைவில் அவன் இடப்பக்கம் சாய்ந்தான், நானும் சாய்ந்தேன். அவன் நிமிர்ந்தான், நானும் நிமிர்ந்தேன். ஒரே பாட்டுக்கு ஆடுகிற இரண்டு பேர்.

முன்சீட்டுக்காரர் ஒருவர் திரும்பிப் பார்த்தார். "இதுல யாருய்யா கண்டக்டரு?"

"விசில் வச்சிருக்கவன்" என்றேன். என் பழைய குரல் இல்லை. ஆனால் பின்சீட்டு வரை கேட்டது.

அவனை என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். கடைசி வரிசைக்கு முந்தைய சீட்டு, ஜன்னலோரம். அது காலியாகத்தான் இருந்தது. கண்ணாடியில் ஓட்டுநரின் கண் தெரிந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அந்தப் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டியின் வேகம் குறைந்தது.

"மாப்ள," என்று கத்தினார், "நெத்தியத் தொட்டுப் பாத்தியா?"

இவ்வளவு நாள் எங்களுக்குள் பேசாத பேச்சு அதுதான்.

பாய் ஆளைப் பிடிக்கக் கூடாது என்றார். விழாமல் இருக்கப் பிடிப்பதைத்தான் சொன்னார் என்று எடுத்துக்கொண்டேன். ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்தேன். நடுங்கும் கைதான். அவன் நெற்றியில் வைத்தேன். வண்டி ஆடியது, நான் நின்றேன். எதிர்பாராமல் ஒருவர் தொட்டதில் அவன் சின்னப்பிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கொண்டான்.

நெற்றி குளிர்ந்திருந்தது. குனிந்து மூச்சை முகர்ந்தேன். வெள்ளம் புகுந்தாலும் புகாவிட்டாலும் நிலையத்துக்குள் வராமல் நேராகப் போகும் வண்டி அந்த வாசனை ஒன்றுதான். சந்தேகமே வேண்டியதில்லை.

"சூடில்ல மச்சான். சரக்குதான்."

"அப்பச் சரி. ஒக்கார வையி."

உட்காரவைத்தேன். அவன் துண்டாலேயே இடுப்பைச் சுற்றி முடிச்சுப் போட்டேன். விரல்கள் முடிச்சுக்கு வெகுநேரம் எடுத்துக்கொண்டன. வண்டி ஓரங்கட்டிக் காத்திருந்தது. முடித்து நிமிர்ந்தபோது இரண்டு கையும் காலியாக இருந்ததைக் கவனித்தேன். வெளியே காய்ந்த வயல், நிலக்கரிப் புழுதி, தூரத்தில் பட்டினம். கால் ஒட்டிக்கொள்வதற்குள் அடுத்த பெயரைச் சொன்னேன். விசிலை வாயில் வைத்து இரண்டு முறை ஊதினேன்.